விடுபட்ட ஏழாம் பாடம்

நாய்க்குக் காலை ஏழு மணிக்குச் சாப்பாடு வைக்க வேண்டும். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் மற்றதெல்லாம் நடந்து முடிந்தவை. இது ஒன்றுதான் நாளைக்கும் நடக்க வேண்டியது. பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குடிக்காது. இடது காதைத் தொட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கடிக்காது. வெளியே நடைக்கூடத்தில் அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் என் மாமியார். அவருக்கு அந்த நாயைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நீங்களே பார்த்திருப்பீர்கள்.

நாயின் பெயர் பொத்தான். மூக்கு கோட்டுப் பொத்தான் மாதிரி இருக்கிறது என்று என் மனைவி வைத்த பெயர். அவள் இறந்து ஆறு மாதம் ஆகிறது.

எனக்கு வயது முப்பத்தொன்று. லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனத்தில் வேலை. நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அது ஏன் நின்றது என்று கண்டுபிடித்து அறிக்கை எழுதுவது நான். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஐந்து முறை ‘ஏன்’ கேட்க வேண்டும். கதவு ஏன் மூடவில்லை, கதவு ஓடும் தடத்தில் அழுக்கு. அழுக்கு ஏன் சேர்ந்தது, மூடித் தகடு இல்லை. தகடு ஏன் இல்லை. இப்படியே போகும். முதல் நான்கு பதில்களும் எந்திரத்துக்குள் இருக்கும். ஐந்தாவதில் ஓர் ஆள் நிற்பான். ஆள் வரும்வரை அறிக்கையை மூடக் கூடாது என்று என் முதல் மேலாளர் சொல்லிக்கொடுத்தார். நான் இதுவரை ஓர் அறிக்கையையும் ஆள் இல்லாமல் மூடியதில்லை.

என் மனைவி இறந்ததையும் நான் அப்படித்தான் பார்த்தேன். வேறு எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பொத்தானை ஒரு வகுப்புக்குக் கூட்டிப்போவாள். நாய்களுக்கான தடை ஓட்ட வகுப்பு. மதில் சூழ்ந்த ஒரு புல் மைதானம். அதில் தாண்டுவதற்குக் கம்பிகள், நுழைந்து வெளியேறத் துணியால் ஆன சுரங்கம், வளைந்து வளைந்து ஓடுவதற்கு நட்டுவைத்த பன்னிரண்டு கழிகள், கூரை போல இரண்டு பலகைகளைச் சாய்த்துச் செய்த ஏறுபலகை. நாய் ஓடும். பக்கத்தில் ஆளும் ஓட வேண்டும். எட்டு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடியும். முடிந்ததும் அவள் டீச்சருடன் பேசிக்கொண்டு நிற்பாள். நான் சாலையின் எதிர்ப்பக்கம் மர நிழலில் காரை நிறுத்திக் காத்திருப்பேன்.

அன்று பத்து மணிவரை காத்திருந்தேன். காரிலிருந்து இறங்கி நாலடி முன்னால் வந்து நின்றேன். கேட் திறந்திருந்தது. உள்ளே அவள் என்னைப் பார்த்து ஐந்து விரல்களைக் காட்டினாள். இன்னும் ஐந்து நிமிடம். இருபது நிமிடத்துக்கு முன்பும் அதே ஐந்து விரல்கள்தான். நான் கத்தவில்லை. கையை அசைக்கவும் இல்லை. திரும்பிக் காரை நோக்கி நடந்தேன். பிறகு பிரேக் சத்தம் கேட்டது.

தண்ணீர் கேன் ஏற்றிய வேன். அவளை இடித்துத் தள்ளிய பிறகும் நிற்க முடியாமல் ஏறி நின்றது. கேன்கள் உருண்டு சாலை முழுக்கத் தண்ணீர். அவள் தலையிலிருந்து வந்தது அந்தத் தண்ணீரில் கலந்து என் ஷூவரை வந்தது. ஒரு செருப்பு என் காருக்கு அடியில் கிடந்தது. வலது கால் இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை. வேன் ஓட்டுநர் இறங்கிச் சாலையோரம் உட்கார்ந்து வாந்தியெடுத்தான். பொத்தான் என் காலடியில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு கீறல்கூட இல்லை.

அவள் ஏன் சாலைக்கு ஓடினாள்? நாய் ஓடியது. நாய் ஏன் ஓடியது? கேட் திறந்திருந்தது. கேட் ஏன் திறந்திருந்தது? அங்கே நின்றுவிட்டேன். அதற்குமேல் எனக்கு அந்த இடம் தெரியாது.

பதினாறாம் நாள் மாமியார் வந்தார். பொத்தான் ஓடிவந்து அவர் கையை முகர்ந்தது. அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

“அந்தச் சனியனை எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுங்க மாப்பிள்ளை. பார்க்கிறப்பல்லாம் வயிறு எரியுது.”

“நாய் மேல தப்பு இல்ல அத்தை.”

“அப்ப யாரு மேல? சொல்லுங்க. யாரு மேலன்னாவது சொல்லுங்க.”

“பார்க்கிறேன்,” என்றேன்.

அது வாக்குக் கொடுத்த மாதிரிதான். அவர் அழுதுகொண்டே தலையை ஆட்டினார். அவருக்கு ஒரே பெண்.

மூன்று மாதம் கழித்து நானே அந்த வகுப்பில் சேர்ந்தேன். ஞாயிறு காலை பொத்தானைக் கூட்டிக்கொண்டு போனேன். கேட்டுக்குப் புதிதாக ஸ்பிரிங் போட்டிருந்தார்கள். கையை விட்டால் தானாக மூடிக்கொள்ளும். உள்ளே இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். டீச்சர் வந்து மண்டியிட்டு, பொத்தானின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

டீச்சருக்கு நாற்பது வயது இருக்கும். வார நாட்களில் ஒரு மருத்துவமனையில், முழங்கால் உடைந்தவர்களுக்கு மறுபடி நடக்கக் கற்றுக்கொடுப்பவர். ஞாயிறு மட்டும் இது. அவர் முழங்காலிலும் ஒரு பட்டை இருக்கும். குரல் பெரியது. எல்லாரையும் திட்டுவார், ஒருவருக்கும் கோபம் வராது.

“நாய்க்கு வகுப்புன்னு நினைச்சுக்கிட்டு வந்திருப்பீங்க. நாயெல்லாம் பிறக்கும்போதே பாஸ். ஃபெயிலானது நீங்கதான். வகுப்பு உங்களுக்கு.”

அவர் முறை எளிமையானது. நாய் தவறினால் நாயைத் திட்டக் கூடாது. கம்பியைத் தட்டிவிட்டால், சுரங்கத்துக்குப் பதிலாகப் பலகையில் ஏறினால், பாதியில் நின்று புல்லை முகர்ந்தால், தவறு கூட ஓடியவருடையது. நாய் நம் வாயைக் கேட்பதில்லை என்பார். அது நம் தோளைப் பார்க்கிறது, காலைப் பார்க்கிறது. வாய் எப்போதும் தாமதமாகத்தான் வரும்.

“உங்க வாய் ஒரு பக்கம் போகுது, தோள் ஒரு பக்கம் போகுது. பாவம், அது யாரைக் கேட்கும்?”

“என் வீட்டுக்காரியும் இதையேதான் டீச்சர் கேட்கிறா,” என்றார் பல் டாக்டர்.

பல் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை நீங்கள் மருத்துவமனையில் பார்த்திருப்பீர்கள். ஐம்பத்தைந்து வயது. அவருடைய நாய்க்கு எல்லாரும் வைத்த பெயர் தலையணை. அது தாண்டாது, கம்பிக்கு முன்னால் உட்கார்ந்துவிடும். ஒரே வகுப்பில் மூன்றாவது தடவையாக இருக்கிறார்கள் அவரும் அதுவும். “எங்க ஆளு தாண்ட மாட்டான். பேச்சுவார்த்தைதான் நடத்துவான்” என்பார். என் மனைவி படித்தபோதும் அவர் அந்த வகுப்பில் இருந்தார். அன்றைக்கும் இருந்தார்.

நான் நன்றாகவே ஓடினேன். பொத்தான் என்னைவிட நன்றாக ஓடியது. எல்லாம் அதற்கு ஏற்கனவே தெரியும். ஓடும்போது யோசனை வராது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு வந்தது.

அவள் ஒரு நீல நோட்டுப் புத்தகத்தில் பாடங்களைக் குறித்து வைத்திருந்தாள். சனிக்கிழமை மாலை அடுத்த நாள் பாடத்தைப் படித்துவிட்டுத்தான் போவேன். மூன்றாம் பாடத்தில், “தோள் எங்கே, நாய் அங்கே. இன்று மூன்று முறை திட்டு. மூன்றும் நியாயமான திட்டு” என்று இருந்தது. ஐந்தாம் பாடத்தில் வெள்ளைக் கோடு. தரையில் சுண்ணாம்பால் போட்ட கோட்டுக்குப் பின்னால் நாய் நிற்க வேண்டும், விடுவிக்கும்வரை. “பொத்தான் நான்கு நிமிடம் நின்றான். நான் நிற்பேனா” என்று எழுதியிருந்தாள். ஆறாம் பாடத்துக்கு அடுத்து எட்டாம் பாடம் இருந்தது. ஏழு இல்லை.

ஏழாவது ஞாயிறு. டீச்சர் விசிலை ஊதிவிட்டு, “இன்னைக்கு எட்டாவது பாடம்” என்றார்.

“ஏழு என்னாச்சு டீச்சர்? ஏழரையாயிடும்னு பயமா?” என்று கேட்டார் பல் டாக்டர். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவர் என்னைப் பார்த்தார். சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. குனிந்து தலையணையின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்யத் தொடங்கினார். அது சரியாகத்தான் இருந்தது. டீச்சர் திரும்பிக் கழிகளை எண்ணினார். பன்னிரண்டு கழிகள்; எப்போதும் பன்னிரண்டுதான்.

இவர்களுக்கு எதுவோ தெரியும் என்று புரிந்தது. லிஃப்ட் அறுந்த கட்டடத்துக்குப் போனால் முதல் அரைமணி நேரம் எல்லாரும் இப்படித்தான் தேவையில்லாத வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள்.

யார் என்று யோசித்தேன். பல் டாக்டர்தான் எப்போதும் கடைசியாக வருவார், காரை மைதானத்துக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்துவார். கேட்டைத் திறந்து மூட வேண்டியவர் அவர் ஒருவர்தான். என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தியவரும் அவர்தான். இது போதும் என்று தோன்றியது. இப்போது பார்த்தால் போதாது. ஆனால் அப்போது என்னிடம் இருந்த தகவல் அவ்வளவுதான்.

ஏறுபலகையின் இரண்டு பலகைகளும் உச்சியில் ஒரு கீலால் சேர்ந்திருக்கும். கீல் அடிப்பக்கம். மேல்பக்கம் இரண்டு பலகைகளின் முனைகளுக்கும் நடுவே மூன்று விரல் நுழையும் இடுக்கு. கீழே இரண்டு பக்கமும் சங்கிலி. பலகைகள் விரிந்து சரியாமல் பிடித்துக்கொள்வது அதுதான். சங்கிலி போனால் பலகைகள் விரியும். விரிந்தால் மேலே இடுக்கு மூடும். தலையணையை ஏற்றுவதற்குப் பல் டாக்டர் ஒரு வழி வைத்திருந்தார். உச்சி இடுக்கில் பிஸ்கட்டைச் செருகி, அது விழுந்துவிடாமல் விரலால் பிடித்துக்கொண்டு, வா வா என்பார். ஒவ்வொரு வாரமும் அப்படித்தான்.

ஒன்பதாவது ஞாயிறு நான் சீக்கிரம் போய் ஒரு பக்கச் சங்கிலியின் கொக்கியைக் கழற்றிப் புல்லுக்குள் விட்டேன். மறுபக்கக் கொக்கியை ஏற்கனவே முக்கால்வாசி அறுத்திருந்தேன். சிறிய நாய்கள் ஏறினால் தாங்கும். கணக்குப் பார்த்துத்தான் அறுத்தேன். தலையணை முப்பத்தெட்டு கிலோ.

அது ஏறியது. அன்றைக்கென்று உற்சாகமாக ஏறியது. டீச்சர்கூடக் கைதட்டினார். பாதிக்குமேல் வந்ததும் கொக்கி விட்டது. பலகைகள் சரிந்தன. சத்தம் பெரிதாக இல்லை. தடித்த புத்தகத்தை மூடுவது போல ஒன்று. பிறகு அவர் சத்தம். வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும். ஏறியிருந்த நாயின் எடை அவற்றின் மேல் இருந்தது. நான் போய்ப் பலகையைத் தூக்கினேன். மோதிர விரல் பலகையிலேயே இருந்தது. நடுவிரல் தோலில் தொங்கியது. ஒரு விரலை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி டீச்சரிடம் கொடுத்தவன் நான்தான். ஐஸ் வேண்டும் என்று சொன்னதும் நான்தான். தலையணைக்கு ஒன்றும் ஆகவில்லை. புல்லில் உருண்டு எழுந்து பிஸ்கட்டைத் தேடிக்கொண்டிருந்தது.

“என் தப்பு,” என்றார் டீச்சர். சட்டை முழுக்க ரத்தம். “சங்கிலியை நான் பார்த்திருக்கணும். காலையில முதல் வேலை அதுதான். இன்னைக்குப் பார்க்கல. என் தப்பு.”

ஒரு தவறை இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்பவரிடம் இன்னொன்று இருக்கும் என்று குறித்துக்கொண்டேன்.

புதன்கிழமை பல் டாக்டரைப் பார்க்க ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். கை தலையணை அளவுக்குக் கட்டுப் போட்டிருந்தது. அதை அவரே சொன்னார்.

“பார்த்தீங்களா தம்பி, என் நாய் பேரை எனக்கே வச்சுட்டாங்க.” பிறகு கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்தக் கையாலதான் முப்பது வருஷம் பல்லு பிடுங்கினேன். இனிமே நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.”

நான் கேட்டைப் பற்றிக் கேட்டேன். அன்றைக்கு அதைத் திறந்து வைத்தது அவரா என்று.

“கேட்டா? அப்பல்லாம் அதை யாரும் மூடுறதே இல்லியே. டீச்சர் வேணும்னேதான் திறந்து வைப்பாங்க. கதவைப் பார்த்து நிக்கிற நாய் கதவு இல்லாத இடத்துல ஓடிடும், கோட்டைப் பார்த்து நிக்கணும்னு சொல்வாங்க. கேட் வாசல்லயே ஒரு வெள்ளைக் கோடு இருந்துச்சு. உங்க வீட்டம்மா நாய்தான் அதுல முதல் மார்க். தெருவுல பூனை போனாக்கூட அசையாது.”

“அப்புறம் ஏன் அன்னைக்குத் தாண்டுச்சு?”

அவர் ஆப்பிளைப் பார்த்தார்.

“அதை டீச்சர்கிட்டயே கேளுங்க தம்பி. நான் சொல்லக் கூடாது. அவங்க யாருக்கும் சொல்ல வேணாம்னாங்க.”

ஆக, ஆளை மாற்றிவிட்டிருந்தேன். அறிக்கைகளில் இது நடக்கும். திருத்தம் என்று தலைப்பிட்டு மறுபடி எழுதுவோம். அவர் விரல்களுக்காக நான் வருந்துகிறேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ள விரும்பினால் எழுதிக்கொள்ளலாம். கொண்டுபோன ஆப்பிளில் ஒன்றை நறுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். இடது கையால் சாப்பிட்டார். நன்றி சொன்னார்.

அவரைக் கொல்லும் எண்ணத்துடன் மைதானத்துக்குப் போனாயா என்று நேற்று கேட்டீர்கள். டீச்சரைச் சொல்கிறேன். சுத்தியல் அவருடையது. நான் நாயையும் கயிற்றையும் மட்டும்தான் கொண்டுபோனேன்.

பத்தாவது ஞாயிறு. காலை ஏழு மணி இருக்கும். வெயில் வந்துவிட்டது. டீச்சர் மட்டும்தான் இருந்தார். சுரங்கத்தின் துணி காற்றில் எழும்பாமல் இருக்க இரும்பு ஆணிகளைத் தரையில் அடித்துக்கொண்டிருந்தார்.

“சீக்கிரம் வந்துட்டீங்க. இன்னும் டீகூடக் குடிக்கல நான்.”

“ஏழாவது பாடம் வேணும் டீச்சர்.”

அவர் இன்னோர் ஆணியை அடித்து முடித்தார்.

“எட்டு, ஒன்பதெல்லாம் நல்லாத்தானே போகுது. ஏழு இல்லாட்டியும் உங்களுக்குச் சான்றிதழ் உண்டு.”

“சான்றிதழுக்கு வரல.”

“தெரியும்.” சுத்தியலைப் புல்லில் வைத்தார். “வேணாங்க. சொன்னாக் கேளுங்க. அது தெரிஞ்சு உங்களுக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல.”

“ஏன்னு தெரிஞ்சுக்கிறதுதான் டீச்சர் என் வேலை.”

“உங்க வீட்டம்மா சொல்லிருக்காங்க. சாம்பார்ல உப்பு கூடினாக்கூட அறிக்கை எழுதுவீங்கன்னு.” சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. ஆறு மாதமாகப் பொத்தி வைத்ததை இறக்கி வைக்க அவருக்கும் இடம் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். “சரி. காட்டிட்டா நீங்க தூங்குவீங்கன்னா காட்டுறேன்.”

பொத்தானை வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால் நிறுத்தினார். என்னை இருபதடி தள்ளி நிற்கச் சொன்னார்.

“கூப்பிடுங்க.”

கூப்பிட்டேன். பொத்தான் காதைத் தூக்கியது. வரவில்லை.

“கையைத் தட்டுங்க. பிஸ்கட் காட்டுங்க. என்ன வேணா பண்ணுங்க.”

எல்லாம் செய்தேன். அதன் உடம்பு நடுங்கியது. கோட்டைத் தாண்டவில்லை.

“இப்ப ஒண்ணும் பண்ணாதீங்க. பேசாம திரும்பி நடங்க. கோவமாப் போற மாதிரி, விறுவிறுன்னு.”

திரும்பி நடந்தேன். பத்தடிகூட ஆகவில்லை. புல்லில் கால்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. காலடியில் வந்து நின்றது. வாலை ஆட்டியது.

“இதான் ஏழு,” என்றார் டீச்சர். “தொலைஞ்சுபோற நாயைத் திரும்ப வரவைக்கிற பாடம். கூப்பிட்டா விளையாட்டுன்னு நினைக்கும். முதுகைக் காட்டினா, விட்டுட்டுப் போறாங்கன்னு நினைச்சு ஓடிவந்துடும். எந்தக் கோட்டாலயும் அதை நிறுத்த முடியாது.”

அவர் வந்து பொத்தானை மறுபடி கோட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். திரும்ப வந்து சுரங்கத்தருகே மண்டியிட்டு, அடுத்த ஆணியைக் கையில் எடுத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே பேசினார்.

“அன்னைக்கு நான் பார்த்தேன். நீங்க திரும்பினீங்க, அது பாய்ஞ்சுது. அவங்க கயித்தைக் கையில சும்மா வச்சிருந்தாங்க, மாட்டல. நான் கேட்டைத் திறந்து வச்சிருந்தேன். வேன்காரன் வேகமா வந்தான். எல்லாமாச் சேர்ந்ததுதான். உங்களுக்கு இந்தப் பாடம் தெரியாது. தெரிஞ்சா யாராவது செய்வாங்களா? உங்க மேல மட்டும் தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன்.”

அந்த ‘மட்டும்’ எனக்குச் சரியாகப் படவில்லை. அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சுத்தியல் என் பக்கம் இருந்தது.

முதல் அடி காதுக்கு மேலே. ஆணி அடிக்கும்போது வருகிற சத்தம் வரவில்லை. அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து கையை ஊன்றிக்கொண்டார். என்னை ஆச்சரியமாகப் பார்த்தார், கோபமாக அல்ல. பாடத்தில் நான் எதையோ தப்பாகப் புரிந்துகொண்டது போல. இரண்டாவது அடி நெற்றியில். அப்போது அவர் ஒரு கையைத் தூக்கினார். என்னைத் தடுக்கிறார் என்று நினைத்தேன். இல்லை. உள்ளங்கை நாயின் பக்கம் திரும்பியிருந்தது, விரல்கள் விரிந்து. நில் என்பதற்கு வகுப்பில் அவர் காட்டும் கை. பொத்தான் எங்களை நோக்கி ஓடிவரத் தொடங்கியிருந்தது. கோட்டில் நின்றது. முனகியது, ஆனால் நின்றது. அந்தக் கை கீழே விழுந்த பிறகும் நின்றது.

நான் மூன்று முறை அடித்ததாக நினைவு. பதினொன்று என்கிறது உங்கள் அறிக்கை. உங்கள் அறிக்கையை ஏற்கிறேன். நானும் அறிக்கை எழுதுபவன்தான். முகத்தின் இடது பாதி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் சரியாக இருக்கும். நான் பார்க்கவில்லை. சுரங்கத்தின் துணி மஞ்சள் நிறம். அதில் எவ்வளவு தூரம் தெறித்திருந்தது என்பதைத்தான் பார்த்தேன். அவர் மூச்சு கொஞ்ச நேரம் இருந்தது. குறட்டை போல இருந்தது. ஒரு காலின் முழங்கால் பட்டை நழுவிக் கணுக்காலுக்கு வந்திருந்தது. அதை மேலே இழுத்துவிட்டேன்.

முதல் ஃபோன் உங்களுக்கு இல்லை, மாமியாருக்கு. ஆள் கிடைச்சாச்சு அத்தை, டீச்சர்தான், கேட்டைத் திறந்து வச்சது அவங்கதான், முடிச்சுட்டேன் என்றேன். அவர், “நாய் எங்க மாப்பிள்ளை?” என்று கேட்டார். அதைத்தான் கேட்டார். இன்றைக்கு அவர் அதன் கயிற்றை அப்படிப் பிடித்துக்கொண்டிருப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. என் பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறார்.

என் பர்ஸில் இருந்த தாளைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், அவள் கையெழுத்துதான். நீல நோட்டுப் புத்தகத்தின் தாள்தான். அதில் எழுதியிருப்பதை நீங்களே படித்துக் காட்டினீர்கள். “7. முதுகு. கூப்பிடாதே, திரும்பி நட, வந்துவிடும். பொத்தானுக்கு இது புதிதே இல்லை. அவர் கோபித்துக்கொண்டு எழுந்துபோகும்போதெல்லாம் பின்னாலேயே ஓடுகிறானே. அவரிடம் இதைச் சொல்ல வேண்டும், நல்ல மனநிலையில் இருக்கும்போது.” நோட்டுப் புத்தகத்தில் தையல் தளர்ந்திருந்தது. தாள் தானாகக் கழன்று வந்திருக்கலாம். எப்போது பர்ஸில் வைத்தேன் என்று நினைவில்லை. பலமுறை பிரித்து மடித்ததுபோல மடிப்பு தேய்ந்து கிழிந்திருக்கிறது என்கிறீர்கள். மட்டமான காகிதம். அதில் நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

கேட் திறந்திருந்தது. திறந்து வைத்தவர் டீச்சர். ஐந்தாவது ‘ஏன்’ அங்கே முடிகிறது. எந்த அலுவலகத்திலும் இந்த அறிக்கையை ஏற்பார்கள்.

கடைசியாக, நாய் எப்படி என்னுடன் வந்தது என்று கேட்டீர்கள். அது இன்னும் கோட்டில்தான் நின்றுகொண்டிருந்தது, அவரைப் பார்த்தபடி. குழாயில் கையைக் கழுவினேன். ஷூவையும் கழுவினேன். பிறகு திரும்பி நடந்தேன். கேட்டைத் தாண்டி, சாலையில் இரண்டு பக்கமும் பார்த்து, எதிர்ப்பக்கம் போனேன். காரை அடைந்தபோது அது என் காலடியில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. கால்களில் ரத்தம் இருந்தது. அவர் மேல் மிதித்து வந்திருக்கும்.

இதை மட்டும் தவறில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். நான் அதைக் கூப்பிடவில்லை. அன்றைக்கும் நான் கூப்பிடவில்லை.